தொழிலகச் சேமிப்புத் தொட்டிகளின் வெப்பக் காப்பு

தொழிலகச் சேமிப்புத் தொட்டிகளின் வெப்பக் காப்பு என்பது, பெரிய தொட்டிகளில் உள்ள நீர்மங்களின் வெப்பநிலையைப் பேணுவதற்காக, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்களைத் தொட்டியைச் சுற்றி அமைப்பதாகும். எல்லாத் தொட்டிகளுக்கும் பொருந்தும் ஒரே காப்புப் பொருள் இல்லை. வெப்பநிலை, ஈரம், தீ, எடை, செலவு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே அது தேர்ந்தெடுக்கப்படுகிறது.

வெப்பம் செல்லும் திசை

முதலில் கண்டறிய வேண்டியது வெப்பம் எந்தத் திசையில் செல்கிறது என்பதாகும். தாரும் உலை எண்ணெயும் ஆறினால் கெட்டியாகிக் குழாயில் ஓடா. எனவே அவற்றின் வெப்பம் வெளியேறாமல் தடுக்க வேண்டும். சாதாரண அழுத்தத்தில் அம்மோனியா −33 பாகை செல்சியசிலும், நீர்ம இயற்கை எரிவளி ஏறத்தாழ −162 பாகையிலும் கொதிக்கின்றன. எனவே அவற்றினுள் வெளி வெப்பம் புகாமல் தடுக்க வேண்டும். டீசல் தொட்டிகளுக்குப் பொதுவாகக் காப்பு தேவையில்லை.

எண்ணூர் முனையம்

திருவள்ளூர் மாவட்டம் எண்ணூரில், காமராசர் துறைமுகத்தில் உள்ள இந்தியன் ஆயில் நிறுவனத்தின் நீர்ம எரிவளி முனையம் 2019ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது. இங்கு தலா 1,80,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகள் உள்ளன.

இவ்வகைப் பெருந்தொட்டிகளில் பொதுவாக உட்சுவர் நிக்கல் கலந்த எஃகாலும், வெளிச்சுவர் கற்காரையாலும் (கான்கிரீட்) கட்டப்படுகின்றன. இரண்டுக்கும் இடையில் பெர்லைட்டு நிரப்பப்படுகிறது. இது எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரியவைத்துப் பெறப்படும் துகள், தீப்பற்றாது. ஆனால் அடித்தளத்தில் இதைப் பயன்படுத்த முடியாது. நிரம்பிய தொட்டியில் உள்ள நீர்மத்தின் எடை மட்டும் சுமார் 80,000 டன் என்பதால், அங்கு சுமை தாங்கும் நுரைக் கண்ணாடிக் கட்டிகள் அடுக்கப்படுகின்றன.

எவ்வளவு நன்றாகக் காப்பிட்டாலும் சிறிதளவு வெப்பம் உள்ளே புகும். ஒரு நாளில் 0.05 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகக் கூடாது என்பது இத்தகைய தொட்டிகளுக்கு வழக்கமாக வகுக்கப்படும் வரம்பு. 1,80,000 கன மீட்டருக்கு அது 90 கன மீட்டர் நீர்மம். வளிமமாகும்போது சுமார் 600 மடங்கு விரிந்து 54,000 கன மீட்டர் ஆகும். இந்த ஆவியை அவ்வப்போது வெளியே எடுக்காவிட்டால் தொட்டியினுள் அழுத்தம் உயரும்.

ஈரமும் துருவும்

சூடான தொட்டிகளுக்குப் பாறைக் கம்பளி ஏற்றது, அதுவும் தீப்பற்றாது. ஆனால் மேலுள்ள அலுமினியத் தகட்டின் இணைப்புகள் வழியே மழைநீர் புகுந்தால் காப்புத்திறன் குறையும். எஃகுச் சுவரும் வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் இந்த ஆபத்து கூடுதல். எனவே காப்பிடுவதற்கு முன் சுவருக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பதும், பின்னர் தகட்டை அவ்வப்போது சோதிப்பதும் தேவை. குளிர்ந்த தொட்டிகளில் காற்றிலுள்ள ஈரம் உட்புகுந்து உறையும். அதைத் தடுக்கக் காப்பின் வெளிப்புறத்தில் ஆவித்தடுப்புப் படலம் அமைக்கப்படுகிறது.

தடிமன்

காப்பின் தடிமன் கூடக்கூட, கூடுதல் பயன் குறைந்துகொண்டே வரும். 5 செ.மீ. காப்பில் வெப்ப இழப்பு 100 பங்கு எனக் கொண்டால், 10 செ.மீ.யில் ஏறத்தாழ 50, 15 செ.மீ.யில் 33 பங்கு ஆகும். அடுத்த அடுக்கின் செலவு, அது மிச்சப்படுத்தும் எரிபொருளின் மதிப்பைவிடக் கூடும் இடமே சிக்கனமான தடிமனின் எல்லையாகும்.