உங்களுக்குத் தெரியுமா? ஒன்பது நிமிட மின்சோதனை

2020 ஏப்ரல் 5, இரவு 9 மணி. கொரோனா ஊரடங்கு நேரத்தில் பிரதமர் கேட்டுக்கொண்டபடி நாடெங்கும் வீட்டு விளக்குகள் ஒன்பது நிமிடம் அணைந்தன, சென்னை கே.கே. நகர் பால்கனிகளில் அகல் விளக்குகள் எரிந்தன. மின்தொகுப்புப் பொறியாளர்களுக்கு அது காசு கொடுத்தாலும் கிடைக்காத சோதனை!

மின்தொகுப்பின் நிலைத்தன்மையை வழக்கமாகக் கணினி மாதிரியில்தான் பரிசோதிப்பார்கள். ஓடும் தொகுப்பில் கைவைத்து விளையாட முடியுமா? சுமை சட்டென்று குறைந்தால் ஜெனரேட்டர்கள் வேகமெடுக்கும், 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் ஏறும். எல்லை தாண்டினால் பாதுகாப்பு ரிலேக்கள் மின்நிலையங்களைத் துண்டித்துவிடும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விழும்.

அன்று 12,000 மெகாவாட்டுக்குச் சற்று மேல் குறையும் என்று கணக்கிட்டிருந்தார்கள். குறைந்ததோ சுமார் 31,000! காப்பாற்றியது பெரும்பாலும் நீர்மின்சாரம்தான். அனல்மின் நிலையம் மெதுவாகத்தான் இறங்கும். நீர்மின் நிலையத்தில் வால்வைத் திருகினால் போதும். சுமார் 25 நிமிடங்களில் சுமார் 17,500 மெகாவாட்டைக் குறைத்து, விளக்குகள் எரியத் தொடங்கியதும் மீண்டும் ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே ஆடி, அடங்கியது. மின்விசிறியும் ஃபிரிட்ஜும் ஓடட்டும், தெருவிளக்கு எரியட்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததும் உதவியது.

மின்தொகுப்பு உண்மையிலேயே சரிந்து 2012 ஜூலை 30, 31-இல் வட இந்தியா இருண்டபோது சென்னை தப்பியது. தென்மண்டலம் அப்போது நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே மற்ற மண்டலங்களோடு கோக்கப்பட்டிருந்ததால் அதன் அதிர்வெண் தனியாக இருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வந்த பிறகு, டெல்லிக்கும் கே.கே. நகருக்கும் ஒரே அதிர்வெண்தான்.