மலையேற்றும் கெண்டை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையையும் தாண்டினால் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்குப் பஸ் போகிறது. ஆனாலும் காட்டில் பொறுக்கிய கடுக்காயைத் தலையில் சுமந்து சரிவில் ஏறுகிற மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டி முன்னே ஏறுபவரின் காலைப் பாருங்கள். குதிகால் மண்ணை விட்டு எழும்போதெல்லாம் ஆடுசதை இரண்டாகப் பிரிந்து புடைக்கும். உள்பக்கத்துப் புடைப்பு வெளிப்பக்கத்தைவிடச் சற்றே கீழிறங்கி நிற்கும். எந்தச் சிற்பி இப்படிச் செதுக்குவான்!

கெண்டைக்கால் என்கிறோம், நடுவே பருத்து நுனியில் ஒடுங்கும் அந்த வடிவம் கெண்டை மீனேதான். கிரேக்கர்கள் கண்டதோ வயிறு. மருத்துவப் புத்தகத்தில் இதன் பெயர் காஸ்ட்ராக்னீமியஸ். கிரேக்கத்தில் காஸ்டர் என்றால் வயிறு, க்னீமே என்றால் முழங்காலுக்குக் கீழுள்ள கால். அதன் அடியில் தட்டையாக ஒளிந்திருக்கும் சதைக்கு சோலியஸ் என்று பெயர். லத்தீனில் சோலியா என்பது செருப்பு. செருப்பு மாதிரி தட்டையான ஒரு கடல்மீனுக்கும் அதுவே பெயர். ஆக, தமிழனின் கெண்டைக்கு அடியில் லத்தீன்காரனின் மீன் ஒன்று படுத்திருக்கிறது. மஸில் என்ற பொதுப்பெயரும் லத்தீன்தான்: சின்ன எலி என்று பொருள்.

பெயர்களைவிடப் பெரிய வியப்பு, வேலைப் பங்கீடு. துள்ளவும் ஓடவும் மேல்சதை. அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குவதால், செங்குத்தில் முழங்கால் மடங்கும்போது தொய்ந்துவிடும். சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குவதால் அதற்கு அந்தத் தொய்வு இல்லை. எளிதில் களைக்காத இழைகளால் ஆனது அது. சுமையோடு ஏறுபவரை நெடுநேரம் தாங்கும்.

இன்னொரு கருணையும் அதற்குள் வைக்கப்பட்டிருக்கிறது. பாதம்வரை இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்ப ஏற வேண்டுமே! சோலியஸுக்குள் அகன்ற சிரைகள் உண்டு. ரத்தம் அங்கே வந்து நிறையும். குதிகால் எழும்போது சதை இறுகி அதைப் பிழிந்து மேலே தள்ளும். தள்ளிய ரத்தம் கீழே திரும்பாதபடி காலின் சிரைகளில் உள்ள மெல்லிய வால்வுகள் மூடிக்கொள்ளும். மருத்துவர்கள் இதை இரண்டாவது இதயம் என்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைவரை பஸ்ஸில் அசையாமல் உட்கார்ந்து போனால் கால் கனத்து வீங்குகிறதே, இந்த இதயம் ஓய்ந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். உட்கார்ந்தபடியே குதிகாலை அடிக்கடி உயர்த்தி இறக்கினால் அது மறுபடி வேலைசெய்யத் தொடங்கிவிடும்.