தனித் தொகுதி நமக்கு, தேர்வு யாருக்கு?

ஊராட்சித் தலைவர் பதவி 'தனி' என்று அறிவிப்பு வந்ததும் ஊர்த் தெருவில் கூட்டம் போடுவார்கள். காலனியில் யார் சொன்னபடி கேட்பார் என்று பேசி ஒருவரை நிறுத்துவார்கள். காலனி மக்களும் தங்கள் ஆளை நிறுத்துவார்கள். காலனியில் 300 வாக்கு, ஊரில் 700 வாக்கு என்றால் முடிவைச் சொல்லத் தேவையில்லை. வெல்பவரும் தலித்தான். ஆனால், காசோலையில் கையெழுத்துப் போடுவது மட்டுமே அவர் வேலை.

இடஒதுக்கீடு யார் நிற்கலாம் என்று சொல்கிறது. யார் தேர்ந்தெடுப்பது என்பதை வாக்களிக்கும் முறைதான் தீர்மானிக்கிறது. அண்ணல் அம்பேத்கர் போராடியது இந்த இரண்டாவது கேள்விக்காக.

1932 ஆகஸ்ட்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோருக்கு 71 தனி இடங்களையும் இரட்டை வாக்கையும் தந்தது. ஒரு வாக்கு தன் பிரதிநிதிக்கு, இன்னொன்று பொதுத் தொகுதிக்கு. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. ஆனால், இரட்டை வாக்கு பறிபோனது. நம் மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரை முன்மொழியும் முதல்கட்டத் தேர்தல் மிஞ்சியது. சுதந்திர இந்தியாவில் அதுவும் இல்லை.

1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவருமே வென்றனர். தோற்ற வி.வி.கிரி வழக்குத் தொடர்ந்தார். தேர்தல் செல்லும் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளே சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன.

மாற்று வழி இருக்கிறது. மூன்று வார்டுகளை ஒன்றாக்கி, ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள் கொடுத்து, விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம் என்று வைத்துக்கொள்வோம். காலனியின் 300 பேர் சேர்ந்து போட்டால் தங்கள் ஆளுக்கு 900 வாக்குகள். ஊரின் 2,100 வாக்குகளை மூவருக்குப் பிரித்தால் தலா 700தான். மூன்றில் ஓரிடம் காலனிக்கு உறுதி. அவரைத் தேர்ந்தெடுப்பதும் காலனியே.

இது புதிய கற்பனை அல்ல. 1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் இந்தத் திரள் வாக்கு முறை இருந்தது. அந்தத் தேர்தலில்தான் அம்பேத்கர் வென்றார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் சில்டன் கவுண்டியில் 1988இல் இதே முறை வந்தபோது, ஏழு பேர் கொண்ட அவைக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தேர்வானார்.

வாக்கு முறை அரிவாளைத் தடுக்காது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவரை அமர விடவில்லை. அங்கெல்லாம் தேவைப்பட்டது அரசின் உறுதி. 2006இல் அது வந்தது, தேர்தலும் நடந்தது.

ஒரே நாற்காலி உள்ள தலைவர் பதவிக்குத் திரள் வாக்கு பொருந்தாது. வார்டு உறுப்பினர் தேர்தலுக்குப் பொருந்தும். உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது. சட்டப்பேரவையே சட்டத்தைத் திருத்தலாம். அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கு முன், எத்தனை இடம் என்பதோடு நிற்காமல், அந்த இடத்துக்கு ஆளைத் தேர்வது யார் என்றும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்போம்.