ஏர் பிடித்தவர் பெயர் எந்தப் பதிவேட்டில்?

மனிதர்கள் விதைத்து அறுக்கத் தொடங்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த காலம் அதைவிடப் பல மடங்கு நீண்டது. ஆனால் நகரம், அரசு, எழுத்து, கணக்கு என்று நாம் நாகரிகமாகச் சொல்லும் பெரும்பாலானவை வேளாண்மைக்குப் பிறகு வந்தவை. உழுதவர் உண்டது போக மிஞ்சிய தானியம்தான் உழாதவருக்கும் சோறு போட்டது. அரசனும் புலவனும் சிற்பியும் பூசாரியும் அந்த மிச்சத்தில் வாழ்ந்தவர்கள்.

அந்த மிச்சத்தை விளைவித்தது யார், அதற்கு உரிமை கொண்டாடியது யார் என்பதைப் பாடப்புத்தகம் அதிகம் பேசுவதில்லை. ஏரிகள் நிறைந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இதற்கான விடை கல்லிலும் காகிதத்திலும் இருக்கிறது.

உத்திரமேரூர் கல்வெட்டைப் படிக்காத மாணவர் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை சொல்கின்றன. குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஏரியை நிர்வகித்தவர்களின் தகுதி இப்படி விரிவாகக் கல்லில் ஏறியது. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

சுமார் 90 ஆண்டுகள் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இன்னொரு பட்டியல் வருகிறது. ராஜராஜன் கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி விதிக்கப்படாத இடங்கள் அதில் உள்ளன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தனியாகக் குறிக்கப்படுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்ற பிரிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலக்கணக்கில் பதிவாகிவிட்டது.

பதிவாகாதது உழைப்பும் அறிவும். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் விடுவது, கரையில் எந்த இடம் கசியும் என்பதெல்லாம் நீர்க்கட்டிகளுக்குத் தெரியும். தமிழகத்தின் பல ஏரிப் பாசன ஊர்களில் அந்தப் பொறுப்பைப் பரம்பரையாகச் சுமந்தவர்கள் தலித் குடும்பத்தினர். நாற்றின் வயதைக் கண்ணால் கணித்தவர்களும், களைக்கும் பயிருக்கும் வேறுபாடு தெரிந்து சேற்றில் குனிந்தவர்களும் சேரிப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போட்ட கூலி நெல்தான்.

1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அடிமை முறையைச் சட்ட அளவில் முடித்தது. வயலில் அது முடியவில்லை. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகப் படியாளாக எழுதிக் கொடுத்தவர், அந்தக் கடனை அடைக்க முடியாமலேயே காலம் கழித்தார். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை இருந்த மனையும் மிராசுதாருக்கு உரியது என்பதால், எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போய்விடும்.

இந்த நிலையைத்தான் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். நிலமும் சொந்த மனையும் இல்லாமல் இந்த மக்களின் வாழ்க்கை மாறாது என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல் சென்னை மாகாண அரசு ஆணை எண் 1010 வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதுவே பஞ்சமி நிலம்.

அதற்கு நிபந்தனைகள் உண்டு. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் இழப்பீடு இல்லாமல் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

இருந்தும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று உரியவர்களிடம் இல்லை. வட்டிக்கு ஈடாகப் போனது கொஞ்சம், மிரட்டலில் போனது கொஞ்சம், கைநாட்டு வாங்கிய பத்திரத்தில் போனது கொஞ்சம். சென்னை விரிந்து நிலத்தின் விலை ஏறியபோது, வயல்கள் மனைப் பிரிவுகளாகவும் ஆயின.

மாமல்லபுரம் அருகே காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டம் தமிழகம் அறிந்தது. 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் நடந்த காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ஆணை வந்து 102 ஆண்டுகள் ஆன பிறகும், அதில் எழுதியிருப்பதைக் கேட்டதற்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

கிராமத்து மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்துக்குப் பிந்தைய பதிவேட்டோடு நின்றுவிட வேண்டாம். அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் கேளுங்கள். 'டி.சி. நிலம்' என்ற குறிப்பு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, பிறகு அது எங்கே காணாமல் போனது என்று வரிசையாக எழுதுங்கள். கேட்டும் தராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய் கட்டணம் போதும். பழைய பெயர்களை அடையாளம் சொல்ல ஊரில் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தவர். நிலம் வைத்திருப்பவர்களில் அவர்களின் பங்கு அந்த அளவுக்கு அருகில்கூட இல்லை. உழவர் என்றால் பட்டாதாரர் என்று பொருள் கொள்ளும் வரை, வயலில் இறங்கியவருக்குப் பயிர்க்கடனும் கிடைக்காது, வெள்ள நிவாரணமும் கிடைக்காது. வேளாண்மையின் வரலாற்றில் அவர்கள் பெயரைச் சேர்க்கும் வேலையைத் தாலுகா அலுவலகத்தின் பழைய பதிவேட்டிலிருந்து தொடங்கலாம்.