வீட்டுப் பசுமைக்குடிலில் மண்ணும் ஊட்டச்சத்தும்

மூங்கில் அல்லது இரும்புக் குழாய்களால் சட்டம் அமைத்து, அதன் மேல் பாலித்தீன் தாளைப் போர்த்தி வீட்டிலேயே உருவாக்கப்படும் சிறிய பயிர்க்கூடம் வீட்டுப் பசுமைக்குடில் எனப்படுகிறது. தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி ஆகியவை இதில் அதிகம் வளர்க்கப்படுகின்றன. முதல் பருவத்தில் நன்கு காய்த்த குடில், இரண்டு மூன்று பருவங்களுக்குப் பின் சோர்ந்துபோவது உண்டு. நோய் தாக்கியதாகக் கருதி மருந்து தெளிப்பவர்கள் பலர். ஆனால் பல இடங்களில் காரணம், மண்ணில் சேர்ந்துவிட்ட உப்பு.

மழை படாத மண்

திறந்த வயலில் எஞ்சிய உப்பை மழைநீர் வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும். கூரைக்கு அடியில் அது நடப்பதில்லை. செடி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்குகிறது.

எவ்வளவு தங்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மின்கடத்துதிறன் 1 டெசிசைமன்ஸ்/மீட்டர் உள்ள கிணற்று நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 120 நாள் பாய்ச்சினால், அந்த ஒரு சதுர மீட்டரில் சேர்வது சுமார் 300 கிராம். 100 சதுர மீட்டர் குடிலுக்கு 30 கிலோ! உரத்தின் உப்பு இதில் சேரவில்லை.

மண் சாற்றின் மின்கடத்துதிறன் 2.5-ஐத் தாண்டினால் தக்காளியின் விளைச்சல் குறையத் தொடங்கும். குடைமிளகாய்க்கு அந்த எல்லை 1.5 மட்டுமே. மண்பரப்பில் வெள்ளைப் படிவு, இலை ஓரம் கருகுதல், மண் ஈரமாக இருந்தும் நண்பகலில் செடி வாடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். செடி சோர்ந்திருக்கிறதே என்று மேலும் உரமிடுவதே இந்நிலையில் செய்யப்படும் பெரிய தவறு.

மண் கலவை

மண், பாசன நீர் இரண்டையும் பயிரிடும் முன்பே ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். தக்காளிக்குக் கார அமில நிலை 6.0 முதல் 6.8 வரை ஏற்றது. களிமண்ணாயின் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்து, மேட்டுப்பாத்தி அமைப்பது வடிகாலுக்கு உதவும். கோழி எருவில் உப்பும் மணிச்சத்தும் மிகுதி என்பதால் அளவோடு இட வேண்டும். தென்னை நார்க்கழிவை மட்கவைத்து, நல்ல நீரில் அலசிய பிறகே சேர்க்க வேண்டும்; பச்சை நார்க்கழிவு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், உப்பையும் கூட்டும்.

ஊட்டச்சத்துத் திட்டம்

கடைகளில் எளிதில் கிடைப்பது 19:19:19 உரம். மூன்று எண்களும் சமமாக இருப்பதால் அது சமச்சீரான உணவு என்று தோன்றும். ஆனால் தக்காளிக்குத் தேவையான மணிச்சத்து, தழைச்சத்தைவிட மிகக் குறைவு. சாம்பல்சத்தோ காய்க்கும் காலத்தில் தழைச்சத்தைவிட அதிகம். எனவே பருவம் முழுவதும் இதை மட்டுமே இட்டால் மணிச்சத்து மண்ணில் தேங்கி, துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைப்பதைத் தடுக்கும். நடவுக்குப் பின் சில வாரங்களுக்கு இதைப் பயன்படுத்திவிட்டு, பூத்த பிறகு பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட் ஆகியவற்றுக்கு மாறுவது நல்லது. பொட்டாசியம் குளோரைடு விலை குறைந்தது என்றாலும் குளோரைடைச் சேர்ப்பதால் மூடிய குடிலுக்கு உகந்ததல்ல.

கால்சியம் நைட்ரேட்டை மக்னீசியம் சல்பேட்டுடனோ மணிச்சத்து உரங்களுடனோ ஒரே தொட்டியில் அடர்த்தியாகக் கரைக்கக் கூடாது. கரையாத வீழ்படிவு உண்டாகிச் சொட்டுவான்களை அடைத்துவிடும். தக்காளியின் நுனி கறுத்து அழுகுவது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருகிறது; மண்ணில் கால்சியம் போதிய அளவு இருந்தாலும், ஒருநாள் காய்ச்சலும் மறுநாள் பாய்ச்சலுமாக நீர் விட்டால் இது வரும்.

உப்பை வெளியேற்றுதல்

30 செ.மீ. ஆழ மண்ணைக் கழுவ, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 லிட்டர் நல்ல நீரைச் சிறுகச் சிறுகப் பாய்ச்ச வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் இதனால் பயனில்லை. சோடியம் மிகுந்த களர் மண்ணாயின் முதலில் ஜிப்சம் இட வேண்டும்.

செலவில்லாத வழியும் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்கு மாவட்டங்களில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது குடிலைக் காலியாக வைத்து, கூரைத் தாளைச் சுருட்டிவிட்டால் மழையே மண்ணைக் கழுவிவிடும். தாளைக் கழற்ற இயலாதவர்கள் கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கலாம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர் கிடைக்கும். அதைக் கிணற்று நீருடன் கலந்து பாய்ச்சினாலே உப்புச் சேரும் வேகம் குறையும்.