ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்களின் எலும்பையும் கவனியுங்கள்!

என் பெரியம்மாவுக்கு வயது 71. முடக்குவாதத்துக்காக இரண்டு வருடங்களாக தினமும் காலையில் ஒரு சின்ன மாத்திரை போடுகிறார். அந்த மாத்திரை வந்த பிறகுதான் விரலை மடக்கி முறுக்குப் பிழிய முடிகிறது என்று அவருக்கு அதன் மேல் தனிப் பாசம்.

போன மார்கழியில், வாசல் தெளிக்க அரை வாளித் தண்ணீரைத் தூக்கியவர் ‘அம்மா...’ என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். வழுக்கவில்லை, விழவில்லை. ‘பிடிப்புதான்’ என்று தைலம் தேய்த்தோம். பத்து நாளாகியும் வலி குறையாததால் எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது.

“ரெண்டு வருஷமா ஸ்டீராய்டு சாப்பிடுறீங்க. எலும்புக்கு என்ன சாப்பிடுறீங்கம்மா?” என்று கேட்டார் டாக்டர்.

“அது வாத மாத்திரைங்க. ஸ்டீராய்டெல்லாம் நான் சாப்பிடுறதில்லைங்க!” என்றார் பெரியம்மா.

தான் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்பதே அவருக்குத் தெரியாது. எங்களுக்கும்தான்.

எது ஸ்டீராய்டு?

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். அதற்காக 1950-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆக, ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. மூட்டு, நுரையீரல், தோல், சிறுநீரகம் என்று பல நோய்களில் உயிரையும் உறுப்பையும் காப்பாற்றுகிற மருந்து.

மாத்திரை அட்டையில் பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்ளசகார்ட், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால், அது ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கும் இழுப்புக்கும் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிப் பழகியவர்களும் உண்டு. பெயர் போடாத வலி நிவாரணப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. ஆகவே, முதல் வேலை அட்டையைத் திருப்பிப் படிப்பது.

எலும்புக்குள் என்ன நடக்கிறது?

எலும்பு ஒரு முறை கட்டி முடித்த சுவர் அல்ல. பழைய இடத்தை இடிக்கும் செல்களும், அங்கே புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை பார்க்கின்றன. ஸ்டீராய்டு, கட்டுகிற செல்களைக் குறைத்துவிடுகிறது. இடிக்கிற செல்களின் ஆயுளை நீட்டுகிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது. சிறுநீரில் கால்சியம் கூடுதலாக வெளியேறுகிறது. தொடைத் தசைகளும் பலம் இழப்பதால், தடுமாறி விழும் வாய்ப்பும் கூடுகிறது.

எலும்புத் தேய்மானம் மிக வேகமாக நடப்பது முதல் 3 முதல் 6 மாதங்களில்தான். ‘ரொம்ப வருஷம் சாப்பிட்டால்தானே பிரச்னை’ என்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பு நசுங்கும்போது பலருக்கு வலியே இருக்காது. உயரம் குறைவதும் கூன் விழுவதும்தான் அடையாளம். ‘வயசானா அப்படித்தான்’ என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

வைட்டமின் டி ஏன் தேவை?

சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதற்கு வைட்டமின் டி வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பால் குடித்தாலும் பெரும்பகுதி வீண்.

1996-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பெரியம்மா போன்றவர்களைப் பற்றியதுதான். முடக்குவாதத்துக்காகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு எடுத்தவர்களில் ஒரு பிரிவினருக்கு தினமும் 1,000 மி.கி. கால்சியமும் 500 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். அவர்களுடைய கீழ் முதுகெலும்பின் அடர்த்தி குறையவில்லை. அவை கிடைக்காதவர்களுக்கு வருடத்துக்கு 2 சதவிகிதம் குறைந்தது.

அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 2022 வழிகாட்டுதல், தினமும் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் அளவுக்கு ஸ்டீராய்டை 3 மாதங்களுக்கு மேல் எடுப்பவர்களுக்கானது. உணவும் மாத்திரையும் சேர்த்து தினமும் 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி என்கிறது அது. ரத்தத்தில் வைட்டமின் டி 30 முதல் 50 நானோகிராம் இருப்பது நல்லது.

நம்ம ஊர் வெயில் போதாதா?

வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால், வயதாக ஆக, தோல் வைட்டமின் டி தயாரிக்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு, கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் உதவாது. வைட்டமின் டி உருவாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. இன்னொரு விஷயம்: லூபஸ் நோய்க்காக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். வெயில் நோயைக் கிளப்பிவிடும்.

உணவில் வைட்டமின் டி குறைவாகவே கிடைக்கும். மத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டை மஞ்சள் கருவிலும் ஓரளவு உண்டு. கால்சியத்துக்கு கேழ்வரகு (100 கிராமில் சுமார் 350 மி.கி.), பால், தயிர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நல்லவை.

அந்த 60,000 யூனிட் பாக்கெட்!

பெரியம்மாவின் ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவாக இருந்தது. வாரம் ஒரு பாக்கெட் 60,000 யூனிட் பவுடர், எட்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். எட்டு பாக்கெட்டையும் மொத்தமாக வாங்கி வந்தார் பெரியப்பா. எலும்பு நசுங்கிய பயம் அவருக்கு. “சீக்கிரம் ஏறட்டுமே” என்று தினமும் இரவுப் பாலில் ஒரு பாக்கெட்டைக் கலந்து கொடுத்துவந்தார். நான் போன அன்று மூன்று காலி பாக்கெட் குப்பைக்கூடையில் கிடந்தன. உடனே டாக்டருக்கு போன் செய்து நிறுத்தினோம். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் கால்சியம் ஏறவில்லை.

ஒரு பாக்கெட் 60,000 யூனிட் என்பது, தினமும் 800 யூனிட் கணக்கில் 75 நாளுக்கான அளவு! வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

‘வருஷத்துக்கு ஒரே தடவையாகக் கொடுத்துவிட்டால்?’ என்று ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தடவையில் 5 லட்சம் யூனிட். 2010-ல் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது: அவர்கள் விழுவதும் எலும்பு முறிவும் கூடின. அதிகம் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை.

வைட்டமின் டி மட்டும் போதுமா?

போதாது. அமெரிக்காவில் சுமார் 25,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் 2022 முடிவு, பொதுவாக ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வைட்டமின் டி மாத்திரையால் எலும்பு முறிவு குறையவில்லை என்றது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அது அஸ்திவாரம். ஆனால், அஸ்திவாரம் மட்டுமே வீடாகிவிடாது. ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், வயதானவர்கள், அதிக டோஸ் எடுப்பவர்கள் ஆகியோருக்கு எலும்பைக் காக்கத் தனி மருந்து தேவைப்படும். வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் நிறைய தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை உண்டு. வருடம் ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. இவற்றைத் தொடங்கும் முன்பே வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்ய வேண்டும்.

இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது

சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தத்தில் கால்சியம் அதிகம் உள்ளவர்கள். சார்காய்டோசிஸ் நோய்க்காக ஸ்டீராய்டு எடுப்பவர்களும்தான். அந்த நோயில் உடம்பே வைட்டமின் டி-யின் வீரியமான வடிவத்தை அளவுக்கு மீறித் தயாரிக்கும்.

பயந்துபோய் ஸ்டீராய்டை நிறுத்தாதீர்கள்!

இதுதான் மிக முக்கியம். பல வாரங்கள் ஸ்டீராய்டு சாப்பிட்டால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, மயக்கம், வாந்தி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டோஸைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டின் அளவு மிகக் குறைவு. அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்

* இந்த மாத்திரைகளில் ஸ்டீராய்டு எது? இன்னும் எத்தனை மாதம்? டோஸைக் குறைக்க முடியுமா?
* வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகப் பரிசோதனை தேவையா?
* எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
* வைட்டமின் டி தினமும் எடுக்க வேண்டியதா, வாரம் ஒன்றா, மாதம் ஒன்றா? எப்போது நிறுத்த வேண்டும்?
* கால்சியம் மாத்திரையை எப்போது போட வேண்டும்? (தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்துப் போடக் கூடாது.)

வீட்டில் குளியலறை வழுக்காமல் இருக்கிறதா, இரவில் எழுந்து போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள். அது மாத்திரை அளவுக்கு முக்கியம்.

பெரியம்மா இப்போது வாளி தூக்குவதில்லை; வாசல் தெளிப்பது பெரியப்பாவின் வேலை. சமையலறைக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்கள். பாக்கெட் பிரிக்கும் நாள். “இன்னிக்கு ஞாயிறாங்க?” என்று கேட்ட பிறகுதான் பெரியம்மா பால் தம்ளரையே கையில் வாங்குகிறார்.