பிரேசர் மலைக்கு எத்தனை பல் வேண்டும்?

அம்பாங் பெச்சாவைத் தாண்டி, கோலகுபு பாருவிலிருந்து 55ஆம் எண் சாலையைப் பிடித்தால், சிலாங்கூர் ஆற்று அணையை ஒட்டி வளைந்து வளைந்து கேப் முனைக்கு ஏறலாம். அங்கிருந்து பிரேசர் மலை இன்னும் 8 கிலோமீட்டர். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். ஏற்றமோ ஆயிரம் மீட்டருக்கும் மேல். இந்தப் பாதைக்கென்று சைக்கிள் வாங்குகிறவர்கள் விலையையும் எடையையும்தான் விசாரிப்பார்கள். முதலில் எண்ண வேண்டியது பல்சக்கரத்தின் பற்களை.

கணக்கு எளிது. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது டயர் எத்தனை சுற்று உருளும் என்பது தெரிந்துவிடும். அதை டயரின் சுற்றளவால் பெருக்கினால் ஒரு மிதிக்கு ஓடும் தூரம். முன்னால் 48, பின்னால் 20 பல் உள்ள பழைய தோட்டத்துச் சைக்கிள் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர் ஓடும். செம்பனைக் காட்டுச் சமதரைக்கு அது போதும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். பந்தய சைக்கிளில் 34க்கு 28 என்றால் சுமார் 2.5 மீட்டர், 34க்கு 34 என்றால் 2.1 மீட்டர்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் மேடு, நிமிடத்துக்கு 70 மிதி என்று வைத்துக்கொள்வோம். 28 பல்லில் புவியீர்ப்பை வெல்ல மட்டுமே சுமார் 140 வாட் தேவை. வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர். 34 பல்லில் 115 வாட் போதும், வேகம் 8.8. உச்சியை அடையச் செய்ய வேண்டிய வேலையைக் கியர் குறைப்பதில்லை, தவணை முறையில் கட்ட விடுகிறது. முழங்கால் பிழைப்பது அதனால்தான்.

இழப்பும் உண்டு. 11 அடுக்குள்ள 11-28 பின் பல்சக்கரத் தொகுதியில் 11, 12, 13, 14, 15 என்று படிகள் நெருக்கமாக இருக்கும். 11-34இல் 12உம் 14உம் இல்லை. சமதரையில் கியர் மாறும்போது கால் துள்ளலை உணரும். பின்கியர் மாற்றியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான் தாங்கும், 34க்கு நீளக் கூண்டு வேண்டும். செயினும் நீளமாக வேண்டியிருக்கலாம்.

பெரிய கியர் எவ்வளவு பெரிது என்று பார்த்து வாங்காதீர்கள். கடைசி மேட்டில், களைத்த காலோடு, எந்தப் பல்லில் 70 மிதி மிதிக்க முடியும் என்று பார்த்து வாங்குங்கள். மேடு தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிடுங்கள். முழுப் பாரத்தில் இழுபடும் செயின் பல் மாற மறுக்கும்.